ஏழு கிண்ணங்கள் குறைவு

2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 17 ஆம் திகதி, புதன்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். கச்சான் காற்று மூன்றாவது நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு முகில் கிடையாது. ஒழுங்கை முழுக்கப் புழுதி. அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுக்காரி எங்கள் படலையை இடுப்பால் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு பெரிய தட்டம், அதில் ஏழு சில்வர் கிண்ணங்கள், மேலே ஒரு வெள்ளைத் துணி. காற்றுக்குத் துணி பறக்காமல் இருக்க நாடியால் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"எண்ணிக்கொள்ளுங்கோ மாமா," என்றாள். "ஏழு."

நான் எண்ணினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது, ஆனால் எண்ணினேன்.

நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் எண்ணிக்கை லிகிதராக வேலை பார்த்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவது என் வேலை. படிவத்தின் கடைசியில் 'குறைவு' என்று ஒரு நிரல் இருக்கும். ஒரு மூட்டை குறைந்தாலும் அதில் எழுதி, பொறுப்பானவனைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு வரலாம். ஓய்வு பெற்று எத்தனையோ வருடமாகியும் அந்த நிரல் என் தலையை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகும் வழியில் மின்கம்பங்கள் முப்பத்தெட்டு. கோயில் படிகள் ஒன்பது, அதில் ஒன்று வெடித்தது. இப்படியொரு மனிதனுக்குப் பக்கத்து வீட்டில்தான் அவள் இருபத்தொரு வருடம் இருந்தாள்.

அவளுடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அதற்கும் ஏதாவது திருப்பித் தரவேண்டுமே என்று யோசிக்கக்கூடியவள்.

எங்கள் பக்கத்தில், ஒரு வீட்டிலிருந்து கறியோ பலகாரமோ வந்தால் அந்தப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். கழுவித் துடைத்து, ஒரு பிடி சீனியோ இரண்டு தேசிக்காயோ, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையோ போட்டுத்தான் கொடுப்பார்கள். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்ற வீடுகளில் மறப்பார்கள், பிந்துவார்கள். அவள் ஒருநாளும் மறந்ததில்லை. அவள் எங்கள் ஒழுங்கைக்குக் குடிவந்த கிழமை என் மனைவி பத்து உளுந்து வடை கொடுத்து அனுப்பினாள். அரை மணித்தியாலத்தில் கிண்ணம் திரும்பி வந்தது, உள்ளே பச்சை மிளகாய்.

"பதினொண்டு," என்றேன் மனைவியிடம். "பத்து வடைக்குப் பதினொரு மிளகாய்."

"இஞ்சருங்கோ, அதையும் எண்ணினீங்களோ," என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்களுக்குள் முதல் பழக்கம் அதுதான்.

அவள் தையல்காரி. புருஷன் எந்த வருடம் இல்லாமற் போனான், எப்படிப் போனான் என்பதை அவள் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. ஒரே மகள். காலால் மிதிக்கிற ஒரு தையல் மெசின். பள்ளிக்கூடச் சீருடை, சட்டை, உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹொட்டல்களுக்கு யன்னல் திரை. காலை எட்டேகாலுக்கு மெசின் சத்தம் தொடங்கும். பன்னிரண்டரைக்கு நிற்கும். இரண்டு மணிக்குத் திரும்பத் தொடங்கும். எங்கள் வீட்டு மணிக்கூடு நின்ற காலங்களில் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மருந்துக் குளிசை போட்டிருக்கிறேன். கிண்ணத்துக்குள் வைக்க வீட்டில் ஒன்றுமில்லாத நாட்களில், வெட்டுத் துணிகளை அடுக்கித் தைத்து ஒரு அடுப்புத்துணியாக்கிப் போட்டுவிடுவாள். சூடான சட்டியை இறக்க. எங்கள் குசினியில் அப்படி இருபத்தொன்பது அடுப்புத்துணிகள் இருக்கின்றன. ஒன்றின் நிறம் மற்றதில் இல்லை.

ஒருமுறை நிலாவெளி பஸ்ஸில் அவளைக் கண்டேன். மடியில் திரைத்துணிப் பொதி. நான் அவளுக்கும் சேர்த்து ரிக்கற் எடுத்துவிட்டேன். "என்ன மாமா இது," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலையில் படலைத் தூணின் மேல் ஒரு கல், கல்லுக்குக் கீழே சரியான காசு, சில்லறைக் குற்றியாக. நான் போய்ச் சண்டை பிடித்தேன். "மாமா, உங்கட தலைக்குள்ள ஒரு கணக்குக் கொப்பி இருக்குது," என்றாள். "அதில என்ர பேர் ஏறக்கூடாது. ஏறினால் அழியாது."

சுனாமி வந்த கிழமை எங்கள் அரிசியெல்லாம் நனைந்து போனது. அவளுடைய வீடு இரண்டடி உயரத்தில் இருந்ததால் தப்பியது. நாலு சுண்டு அரிசி தந்தாள். பத்து நாளில் நான் ஐந்து சுண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று பின்னேரமே ஒரு சுண்டு திரும்பி வந்தது.

"நாலுதான் மாமா தந்தனான்."

"வட்டியெண்டு வை பிள்ளை."

"வட்டி வாங்க நான் என்ன வங்கியோ?"

அப்படி இருந்தோம். என் ஓய்வூதியமும் அவளுடைய தையற்கூலியும் ஏறக்குறைய ஒன்றுதான். அவள் வீட்டில் மீன் வாங்கும் நாட்களில் எங்கள் வீட்டிலும் வாங்கினோம். அவள் பருப்போடு நிறுத்திய நாட்களில் நாங்களும் நிறுத்தினோம். ஒரே தேத்தண்ணிதான், ஒரே சீனிதான். மகன் கனடாவிலிருந்து மாதம் இருநூற்றைம்பது டொலர் அனுப்பத் தொடங்கிய பிறகும் பெரிய வித்தியாசம் வரவில்லை. அது வைத்தியத்துக்கும் கூரை வேலைக்கும் போனது.

அந்த 2022 பங்குனியில் ரூபாயின் பெறுமதி விழுந்தது. இரண்டு மாதத்துக்குள், முந்தி நாற்பதாயிரமாக வந்த அதே காசு எழுபதாயிரமாக வந்தது. மகன் ஒரு சதம் கூட்டி அனுப்பவில்லை. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. எங்கோ, எவரோ, எதையோ தாங்க முடியாமல் கைவிட்டார்கள், நான் உயர்ந்துபோனேன். பக்கத்து வீட்டில், எந்தக் குற்றமும் செய்யாமல், காலை எட்டேகாலுக்கு மெசினில் குந்திய ஒருத்தி கீழே போனாள்.

"சந்தோசம்தானே அப்பா?" என்று மகன் தொலைபேசியில் கேட்டான்.

"உனக்கு அங்க எப்படி?"

"எனக்கென்ன. அதே களஞ்சியம், அதே பெட்டி அடுக்கிறது. நிலத்துக்குக் கீழ ஒரு அறை, நாலு பேருக்கு ஒரு குளியலறை. இஞ்ச நான்தான் கடைசி ஆள் அப்பா. ஆனால் உங்கட ஒழுங்கையில இப்ப நீங்கள் முதலாளி."

பகிடியாகத்தான் சொன்னான். நான் சிரிக்கவில்லை.

நூல் விலை மூன்று மடங்கானது. பெற்றோல் இல்லாமல் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சீருடை தைக்கக் கொடுக்க ஆளில்லை. ஹொட்டல்களில் வெள்ளைக்காரர் இல்லை; திரை மாற்ற ஆளில்லை. எரிவாயுவுக்கு வரிசையில் நின்றோம். முதல் நாள் நான் அறுபத்தோராவது ஆள், அவள் எனக்குப் பின்னால் அறுபத்திரண்டு. வரிசையில் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று சிலிண்டர்கள்.

"இண்டைக்காவது மாமாவுக்கு எண்ண ஒரு நல்ல சாமான் கிடைச்சுது," என்றாள். அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் சிரித்தார்கள். லொறி வரவில்லை. நாலு நாள் நின்றோம். ஐந்தாம் நாள் நான் மூன்று மடங்கு விலைக்கு ஒருவனிடம் சிலிண்டர் வாங்கிவிட்டேன். எனக்கு ஏலுமாக இருந்தது, அதனால் வாங்கினேன். அவள் தொடர்ந்து இரண்டு நாள் தனியாக நின்றுவிட்டு, வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து, தேங்காய்ப் பொச்சுமட்டை அடுப்புக்கு மாறினாள். பகல் பதினொரு மணிக்கு அவளுடைய குசினிப் புகை மதிலுக்கு மேலால் எங்கள் முற்றத்துக்கு வரும். எங்கள் அடுப்பு நீலமாக எரிந்துகொண்டிருக்கும்.

மனைவியால் அது பொறுக்கவில்லை. முந்தி கிழமைக்கொரு தரம் போன கிண்ணம் இப்போது இரண்டு நாளைக்கொரு தரம் போனது. மீன்குழம்பு, கோழிக்கறி, ஒருநாள் பாற்சோறு. முதலில் கிண்ணங்கள் கறிவேப்பிலையோடு வந்தன. பிறகு ஒரு பிடி உப்போடு வந்தது ஒன்று. பிறகு வரவில்லை.

இந்த இடத்தில்தான் என் பிழை இருக்கிறது. அந்தக் கிண்ணங்கள் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தவை. மொத்தம் இருபத்துநாலு, அடியில் அவளுடைய முதலெழுத்து வெட்டியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுமாரியைத் திறந்தேன். பதினேழு இருந்தன.

"ஏழு குறையுது," என்றேன்.

"விடுங்கோ," என்றாள் மனைவி.

"விடுறதெண்டால்? எங்க இருக்குது எண்டு தெரியவேணாமே?"

"எங்க இருக்குது எண்டு எனக்குத் தெரியும். விடுங்கோ எண்டு சொல்லுறன்."

அவள் அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டு நாள் நித்திரை சரியில்லை. கிண்ணத்தின் பெறுமதிக்காக அல்ல. குறைவு என்றால் குறைவுதான், அதைத் தீர்க்காமல் எனக்கு ஏலாது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டில் அவள் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது மதிலருகே போய் நின்றேன்.

"பிள்ளை, எங்கட கிண்ணம் ஏழு அங்க நிக்குது போல."

அவள் திரும்பினாள். கையிலிருந்த சேலையைக் கொடியில் போட்டாள். அதன் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"ஓம் மாமா. ஏழுதான். எனக்கும் தெரியும்."

"ஆறுதலாத் தரலாம்."

"இல்லை மாமா. தாறன்."

அதற்கு அடுத்த கிழமைதான் நான் முதலில் சொன்ன அந்தப் புதன்கிழமை வந்தது. துணியை எடுத்தாள். முதல் கிண்ணத்தில் பச்சரிசி. இரண்டாவதில் மைசூர்ப் பருப்பு. சீனி. பால்மா. பயறு. ஒன்றில் மூன்று முட்டைகள். கடைசிக் கிண்ணத்தில் முந்திரிகை வத்தல். எல்லாம் விளிம்பு வரைக்கும். அந்த மாதத்து விலை எல்லாம் எனக்கு மனப்பாடம். தலைக்குள் கூட்டினேன். மூவாயிரத்துக்குச் சற்றுக் கீழே. பால்மாவுக்கு அந்த நாட்களில் மக்கள் விடியலிலிருந்து வரிசையில் நின்றார்கள்.

"ஏன் பிள்ளை இவ்வளவு?" என்று மனைவி கேட்டாள்.

"வெறுங்கிண்ணம் தரலாமே மாமி?" பிறகு என்னைப் பார்த்தாள். "இனிக் குறைவு ஒண்டும் இல்லைத்தானே மாமா? கையெழுத்து வைக்கட்டோ?"

நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலையில் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எட்டேகால் ஆனது, எட்டரை ஆனது. மனைவி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"என்னத்தைக் காதுகுடுத்துக் கேக்கிறியள்? மெசின் செவ்வாய்க்கிழமையே போயிட்டுது. மூதூரால ஒரு வியாபாரி வந்து ஏத்திக்கொண்டு போனவன். ஏழு கிண்ணத்தை வெறுமையாத் தர ஏலாமல் மெசினைக் குடுத்திருக்கிறாள். மிச்சக் காசில கடைக் கொப்பிக் கடனை முடிச்சுப்போட்டு, கடவுச்சீட்டுக்கும் குடுத்திட்டாள். குவைத்துக்குப் போறாளாம், வீட்டுவேலைக்கு."

நான் போனேன். தையலறையில் சீமெந்துத் தரையில் மெசினின் நாலு கால்களும் நின்ற இடம் நாலு பள்ளமாகத் தெரிந்தது. அவள் ஒரு பாயில் இருந்து பழைய உடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தெட்டு. பிரசர் இருக்கிறது.

"பிள்ளை, மாசம் பத்தாயிரம் நான் தாறன். நீ போகவேண்டாம். இப்ப எனக்கு அது..."

"உங்களுக்கு அது ஒண்டுமில்லை எண்டுதானே மாமா சொல்ல வந்தனீங்கள்?"

நான் அந்த நாலு பள்ளங்களையும் திரும்ப எண்ணினேன்.

"அதுதான் எனக்குப் பயம்," என்றாள். "போன வருசமெண்டால் வாங்கியிருப்பன். போன வருசம் அது உங்களுக்கும் நொந்திருக்கும்."

செப்டெம்பர் 28, காலை ஒன்பது மணி, மெல்லிய மூட்டம். கொழும்பு பஸ்ஸுக்குப் போகுமுன் சொல்லிக்கொள்ள வந்தாள். மனைவி இடியப்பமும் சம்பலும் ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்து, "பஸ்ஸில சாப்பிடு, கிண்ணத்தை நீயே வைச்சிரு," என்றாள். அவள் கேட்கவில்லை. எங்கள் வாழையில் ஒரு இலை வெட்டிச் சாப்பாட்டை அதற்கு மாற்றினாள். கிணற்றடிக்குப் போய்க் கிண்ணத்தைக் கழுவினாள். முந்தானையால் துடைத்து மனைவியின் கையில் கொடுத்தபோது உள்ளே ஏதோ கிலுங்கியது. அவளுடைய வீட்டுப் பூட்டின் திறப்பு.

"பாத்துக்கொள்ளுங்கோ மாமி. வெறுங்கிண்ணம் தரேல்லை."

இரண்டு வருடம் குவைத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடுத்தாள், பத்து நிமிடம். அந்த வீட்டில் ஏழு குளியலறை என்றாள், எனக்காகவே எண்ணியதாக. "நல்ல ஆக்கள் மாமா, கை ஓங்கிறதில்லை. ஆனால் ஒண்டு. பக்கத்து வீட்டுக்குச் சாப்பாடு போனால் பாத்திரம் திரும்பி வராது. இவையளும் கேக்கிறேல்லை. போனால் போனதுதான்." பிறகு, "அவ்வளவு இருந்தால் மறந்துபோகலாம் போல," என்றாள்.

2024 செப்டெம்பர் கடைசியில் அவளுடைய இரண்டு வருட ஒப்பந்தம் முடியவேண்டும். சம்பளமெல்லாம் வவுனியாவில் மகளின் வீட்டுக் கூரைக்கும் அடகு மீட்கவும் போயிருந்தது. வெறுங்கையோடுதான் வருகிறாள் என்று தெரியும். ஆனால் வருகிறாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனை என்று நினைத்தேன். அதைச் சொன்னவுடன் மகன் மேலதிகமாகக் காசு அனுப்பினான். அவனுக்கு அது மூன்று நாள் பெட்டி அடுக்கிய கூலி. செப்டெம்பர் 3 ஆம் திகதி பஸ் ஏறி மூதூருக்குப் போனேன்.

வியாபாரியைத் தேடிப் பிடித்தேன். "வாங்க ஐயா, இரிங்க," என்று கதிரை போட்டார். "அந்த மெசின நான் விக்கல்ல. என்ட பொஞ்சாதிட காலுக்கு அது பழகிட்டு."

"நீங்கள் ஒரு விலை சொல்லுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், என் சட்டையைப் பார்த்தார். அறுபத்தையாயிரம் என்றார். அவளிடம் வாங்கியது இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்கு. நான் பேரம் பேசவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாகப் பேரம் பேசாமல் ஒன்றை வாங்கினேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. மெசினைக் கொண்டுவந்து, எண்ணெய் போட்டு, புது வார் மாட்டி, அந்த நாலு பள்ளங்களுக்கு மேலே அதன் நாலு கால்களையும் சரியாக வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சொன்னேன்.

"எவ்வளவு மாமா?"

"அதை விடு. பரிசெண்டு வை."

"பரிசுக்கு என்னத்தைத் திருப்பித் தாறது? கறிவேப்பிலையோ?" அவள் சிரிக்க முயன்றாள். "எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"முப்பதாயிரம்," என்றேன். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதாத பொய்த்தொகை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டதாகச் சொன்னாள். குறைந்தது ஆறு மாதத்துக்குத்தான் நீட்டலாமாம். நான் கத்தினேன். மனைவி தொலைபேசியைப் பறித்து அழுதாள். "ஆறு மாசம்தானே மாமி," என்றாள். "பங்குனியில நிப்பன். மாமாவின்ர கொப்பியில பேரோட அந்த மதிலுக்குப் பக்கத்தில என்னால இருக்க ஏலாது. சரிக்குச் சரியா வந்தால்தான் மதிலுக்கு மேலால கதைக்கலாம்."

2025 ஜனவரி 10, வெள்ளிக்கிழமை, நாள் முழுக்க மழை. தொலைபேசி வரவில்லை. குசினியில் விழுந்தாளாம், பிரசர். உடல் வந்து சேரப் பத்தொன்பது நாள். பெட்டியை அவளுடைய தையலறையில், மெசினுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வேறு இடம் இல்லை.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவளுடைய மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு கடித உறையை மேசையில் வைத்தாள்.

"அம்மா டிசம்பரில அனுப்பினவ. தான் வந்து தன்ர கையால குடுக்கிறன், அதுமட்டும் வை எண்டு சொன்னவ."

உள்ளே ஒரு துண்டுக் காகிதம். தாய் சொல்லச் சொல்ல மகள் எழுதியது. மெசின் அறுபத்தையாயிரம். சின்ன லொறி ஆறாயிரம். போக வர பஸ் இருநூற்று நாற்பது. எண்ணெயும் வாரும் எண்ணூற்றைம்பது. தேத்தண்ணியும் பணிசும் நூற்றைம்பது.

"தேத்தண்ணியுமோ," என்றாள் மனைவி.

"மூதூர் ஆளுக்கு அம்மாவே போன் எடுத்துக் கேட்டவ மாமி. மாமா ஏதும் குடிச்சவரோ, ஆர் காசு குடுத்ததெண்டு. லொறியையும் வாரையும் நான் இஞ்ச விசாரிச்சுச் சொன்னனான். மாமா முப்பதாயிரம் எண்டு சொன்னதுக்கு அம்மா நல்லாச் சிரிச்சவ. மாமாவுக்கும் எண்ணத் தெரியாமப் போச்சுது எண்டு."

நான் காசை எண்ணினேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். எழுபத்தீராயிரத்து இருநூற்று நாற்பது. ஒரு ரூபாய் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மகள் போகும்போது வீட்டுத் திறப்பைக் கேட்டாள். அது இரண்டரை வருடமாகக் கிண்ணத்திலேயே இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். இப்போது அலுமாரியில் இருபத்துநாலு கிண்ணங்களும் இருக்கின்றன, இருபத்துநாலும் வெறுமையாக.

அந்த மெசினால் எனக்கு ஏற்பட்ட செலவு: பூச்சியம் ரூபாய், பூச்சியம் சதம்.